பேச்சியின் பெயரில்

ஆரியசாலை,
திருவனந்தபுரம்.
14.9.2025, ஞாயிறு.

அன்புத் தங்கை பேச்சிக்கு உன் அக்கா கோமதியம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். அங்கே நீயும், நிறைமாசமாக இருக்கும் மகள் அனுஷாவும் சுகமாக இருக்கப் பழவங்காடிப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கென்று கேட்பாய். ஸ்பீக்கர் போடாவிட்டால் உனக்குக் காது கேட்காது. போட்டால் உன் சம்பந்தியம்மாள் அடுப்படியில் இருந்துகொண்டு எனக்குப் பதில் சொல்கிறாள். போன வாரம் நான் கேட்ட ஒரு கேள்விக்கு மூன்று பேர் பதில் சொன்னீர்கள், ஒன்றும் விளங்கவில்லை. அதனால்தான் மல்லி லோடு கொண்டுவரும் பால்பாண்டி டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். திரும்பும்போது அவன் வள்ளியூர் வழியாகத்தான் போகிறான். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

முதலில் அனுஷா. பிரஷர் இருக்கும் பிள்ளைக்கு ஊறுகாய் கொடுக்காதே. அவள் கேட்பாள், உனக்கும் மனசு கேட்காது, எனக்குத் தெரியும். நாக்குக்கு ருசியாக வேண்டுமானால் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து கொடு. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளைத் தள்ளிப்போடாதே.

கூலி கூடியதைப் போனிலேயே சொல்லிவிட்டேன். கூடிய பிறகு நடந்ததைத்தான் சொல்லவில்லை. அனுஷாவுக்கு முடியவில்லை என்று நீ அலறியடித்துக்கொண்டு பஸ் ஏறியது நாம் கூலி கேட்டுக் கடைப்படியில் உட்கார்ந்த இரண்டாம் நாள். மூன்றாம் நாள் மத்தியானம் முதலாளி தளவாய் அண்ணாச்சி இறங்கி வந்துவிட்டார். பின்னே என்ன, ஓணத்துக்கு ஒன்பது நாள் இருக்கிறது. காம்பு கிள்ளாத மிளகாய் கிட்டங்கி முழுக்கக் குவிந்து கிடக்கிறது, மல்லி புடைக்க ஆளில்லை, சரக்கு கேட்டு ஆற்றிங்கலில் இருந்தும் நெய்யாற்றின்கரையில் இருந்தும் கடைக்காரர்கள் போன் மேல் போன். நாள் கூலி நானூற்று எண்பது அறுநூற்று அறுபதாயிற்று. இன்சூரன்ஸ் அட்டையும் வேண்டும் என்று நான்தான் சொன்னேன், அதற்கும் தலையாட்டினார். உன் அக்காவை அன்று நீ பார்த்திருக்க வேண்டும்! எல்லோரும் என்னைத் தலையில் தூக்கி வைக்காத குறை. நானும் தலைகால் தெரியாமல்தான் ஆடினேன். ஆளுக்கு ஒன்று என்று வேண்டியிருந்ததால் பிள்ளையாருக்குப் பன்னிரண்டு தேங்காய் உடைத்தேன், உனக்கும் சேர்த்து.

ஓணம் முடிந்த திங்கட்கிழமை கணக்கர் ராஜையன் சார் கூப்பிட்டார். அவர் முகம் எப்போதும் கஷாயம் குடித்த முகம்தானே, அன்று கூடுதலாக ஒரு டம்ளர் குடித்திருந்தார். அண்ணாச்சி கல்லாப் பெட்டியடியில் இருந்தார். சத்தம் போடவில்லை. "கூலி கூடிப்போச்சுன்னு நான் மிளகா வெலயக் கூட்டுனா எவன் வாங்குவான் கோமதி? பக்கத்துக் கடைக்காரன் கோயமுத்தூர்ல இருந்து பாக்கெட் போடுத மிஷின் எறக்கிட்டான். மூணே பேரு போதும் அவனுக்கு. நான் மிஷின் எறக்கல, உங்க மொகத்தப் பாத்துத்தான் எறக்கல. ஆனா எட்டுப் பேருக்கு மேல என்னால முடியாது" என்றார். நீங்கள் கேட்ட கூலி உங்களுக்கு, எனக்குக் கட்டுகிற ஆள் எனக்கு என்று கையை விரித்துவிட்டார். பிள்ளையார் பன்னிரண்டையும் வாங்கிக்கொண்டார், அண்ணாச்சி எட்டைத்தான் வைத்துக்கொண்டார்.

மறுநாள் பட்டியல் வந்தது. முதலில் என் பெயர், இரண்டாவது உன் பெயர். நீ ஊரில் இருக்கிறாய் என்று உன்னைத் தள்ளவில்லை. பெயர் வராதவர்கள் நாலு பேர். அதில் ஜெயஷீலாவும் ஒருத்தி. நீ வந்து நாலு வருஷம், அவள் ஒன்பது வருஷமாக வருகிறவள். பட்டியலைப் படித்துவிட்டு அவள் மல்லி புடைக்கத் திரும்பினாள். சுளகைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அண்ணாச்சி யார் பெயரைப் போட்டாரோ போட்டார், அதற்கு நாம் என்ன செய்ய முடியும்.

சாயங்காலம் குழாயடியில் ஒரே ரகளை. "கூட்டிக் கேளு, கூட்டிக் கேளுன்னு கேட்டு நாலு பேரு வயித்துல அடிச்சிட்டியே" என்று ஒருத்தி என் முகத்துக்கு நேரே சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவள் கொண்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். ஆனால் அவள் சொன்னது பொய்யா? அதனால் அங்கேயே நின்று ஒரு வழி சொன்னேன். நாம் குலுக்குச் சீட்டு நடத்துகிறவர்கள்தானே, வேலையையும் குலுக்கிவிடலாம் என்றேன்.

இப்போது இப்படித்தான் நடக்கிறது. நீ இல்லாமல் நாங்கள் பதினோரு பேர். மிக்சர் டப்பாவில் சீட்டுப் போட்டுக் குலுக்குவோம், தினமும் மூன்று பேர் வீட்டில் இருப்பார்கள், எட்டுப் பேர் வேலைக்குப் போவார்கள். பெயர் உள்ளவள் அவள் பெயரிலேயே வேலை செய்வாள். பெயர் இல்லாதவள் அன்று வராதவள் பெயரில் செய்வாள். ராஜையன் சார் தலையைக் குனிந்துகொண்டு எட்டுப் பெயருக்கும் டிக் போட்டுவிடுவார். சனிக்கிழமை எட்டுப் பேர் கூலியை வாங்கிக் குழாயடியில் வைத்துப் பதினொன்றாகப் பங்கு வைக்கிறோம். உன் கையெழுத்தை நான்தான் போடுகிறேன். தலைக்கு எவ்வளவு விழுந்தது தெரியுமா? நாளுக்கு அதே நானூற்று எண்பது! மூன்று தரம் கூட்டிப் பார்த்தேன். பதினோரு பேருக்கு அவர் முன்னால் கொடுத்த அதே தொகையைத்தான் இப்போதும் கொடுக்கிறார், எங்கள் கைக்கும் அதேதான் வருகிறது. மூன்று நாள் வெயிலில் காய்ந்ததை நினைத்துச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. பதினோரு பேர் வேலையை எட்டுப் பேர் பார்ப்பதால் சாயங்காலம் முதுகு நிமிர மாட்டேன் என்கிறது.

உன் பெயர்தான் தினமும் காலியாக இருக்கிறதே, பாதி நாள் அது ஜெயஷீலாவுக்குத்தான் விழுகிறது. அன்றைக்கெல்லாம் அவளைப் பேச்சி என்றே கூப்பிடுகிறோம். அவளும் உன்னை மாதிரியே காதில் கையை வைத்து, "என்னது? கேக்கல, சத்தமாச் சொல்லு!" என்கிறாள். சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிப் போகிறது. நீ கோபித்துக்கொள்ளாதே.

நீ நிதானமாகவே வா. உன் இடம் பத்திரமாக இருக்கிறது. அனுஷா சுகமாகப் பெற்றெடுக்க வாழ்த்தும்,

உன் அக்கா,
கோமதியம்மாள்.

*

ஆரியசாலை,
திருவனந்தபுரம்.
19.10.2025, ஞாயிறு.

அன்புள்ள பேச்சிக்கு அக்கா எழுதிக்கொள்வது. பேத்தி பிறந்த சந்தோஷத்தில் நான் போனில் அழுததை உன் வீடு முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டும். பிள்ளைக்கு மூக்கு நம் அம்மா மூக்கு என்கிறாய், போட்டோவில் எனக்கு அப்படித் தெரியவில்லை, நேரில் பார்த்துச் சொல்கிறேன். தீபாவளிக்கு ஒரு கவுனும் அனுஷாவுக்கு ஒரு நைட்டியும் பால்பாண்டியிடம் கொடுத்திருக்கிறேன். கவுன் பெரிதாக இருந்தால் இருக்கட்டும், பிள்ளை வளரும்.

தீபாவளி முடிந்ததும் வருகிறேன் என்று சொன்னாய். வராதே பேச்சி. ஏன் என்று போனில் கேட்டாய், லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

பத்தாம் தேதி வெள்ளிக்கிழமை. தீபாவளிச் சரக்கு, மூச்சுவிட நேரமில்லை. அன்றைக்கு உன் பெயர் ஜெயஷீலாவுக்கு விழுந்தது. மச்சில் இருந்து மல்லிச் சாக்கு இறக்க வேண்டும். ஒருத்தி ஏறினால் ஒருத்தி கீழே நின்று ஏணியைப் பிடிப்பதுதானே நம் வழக்கம். ஆள் இருந்த காலத்து வழக்கம் அது. "கோமதியக்கா, ஏணியப் புடி" என்று கூப்பிட்டாள். நான் பொட்டல மேசையில் இருந்தேன். "இந்தா வாரேன்" என்றேன். நாற்பது பொட்டலம் மிச்சம் இருந்தது, அதை முடித்துவிட்டுப் போவோம் என்று நினைத்தேன். அவள் காத்திருக்கவில்லை. சத்தம் கேட்டுத் திரும்பினபோது ஏணி ஒரு பக்கம் கிடந்தது, அவள் ஒரு பக்கம் கிடந்தாள், சாக்கு அவள் மேல் கிடந்தது.

இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆட்டோவில் நான் அவள் தலையை மடியில் வைத்திருந்தேன். ராஜையன் சார் முன்னால் இருந்துகொண்டு, "இன்னைக்கு இவ யாரு?" என்று கேட்டார். பேச்சி என்றேன். சட்டைப் பையிலிருந்து உன் இன்சூரன்ஸ் அட்டையை எடுத்தார். ஜெராக்ஸ் காப்பிதான், படம் கரியாக இருந்தது, அது யார் முகமாகவும் இருக்கலாம். அந்த நேரத்தில் வேறு என்ன செய்வது, நீயே சொல். பட்டியலில் உள்ள எட்டுப் பேருக்குத்தான் அட்டை, அவளுக்கென்று கிடையாது. பிரைவேட் ஆஸ்பத்திரிக்குப் போக நம்மில் யாருக்கு வக்கு இருக்கிறது?

அங்கே சிஸ்டர் பேர் கேட்டபோது அவள் வலியில் முனகிக்கொண்டே ஜெயஷீலா என்று சொல்லிவிட்டாள். அது அவள் மகள் பேர் சிஸ்டர், மகளைத் தேடுகிறாள் என்று நான் சொன்னேன். எப்படித்தான் என் வாயில் அது வந்ததோ! சாயங்காலம் மகள் ஷெர்லின் ஸ்கூல் யூனிபாரத்தோடு ஓடி வந்தாள். சிஸ்டர் அவளைப் பார்த்து, "ஜெயஷீலயல்லே? அம்ம மோளைத்தன்னே விளிச்சோண்டிருந்நு" என்றாள், அம்மா மகளையேதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாளாம். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தது, கட்டிலில் தொங்கின சீட்டில் பேச்சியம்மாள் என்று எழுதியிருந்ததைப் பார்த்தது. "ஆமா சிஸ்டர், ஞான்தான் ஜெயஷீலா" என்று சொன்னது. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை பேச்சி, அதற்கு நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கம்பி வைத்து ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். ஆபரேஷன் முடிந்து அவள் கண் விழித்தபோது சிஸ்டர் பேச்சி, பேச்சி என்று கூப்பிட்டாள், இவள் திரும்பவே இல்லை. தலையிலும் அடிபட்டிருக்குமோ, படம் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதெல்லாம் இல்லை, அவளுக்குக் காது மந்தம் என்று நான் சொன்னேன். உன் காதுதான் கைகொடுத்தது! அதிலிருந்து வார்டு முழுக்க அவளிடம் கத்திப் பேசுகிறார்கள். அவளும் கையைக் காதில் வைத்துக்கொள்கிறாள். கிட்டங்கியில் அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தவள் நான், இங்கே அவள் செய்ததைப் பார்க்க முடியாமல் எழுந்து போய்விட்டேன்.

அண்ணாச்சி ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். கட்டில் பக்கத்தில் நின்று கண் கலங்கினார், அது நடிப்பில்லை. வெளியே வந்து என்னிடம், "நடந்தது நடந்துபோச்சு. நீயும் வெளிய சொல்லாத, நானும் சொல்லல. சொன்னா உள்ள போறது மொதல்ல யாருன்னு யோசிச்சுக்கோ. கையெழுத்துப் போட்டது நான் இல்ல" என்றார். இனிமேல் கூலி என்று நான் வாயைத் திறக்க முடியாது, அது அவருக்கும் தெரியும் எனக்கும் தெரியும்.

குழாயடியில் எல்லோரும் கூடினோம். யாரும் மூச்சுவிடக் கூடாது என்று முடிவாயிற்று. ஜெயஷீலாவும் அதையேதான் சொல்கிறாள். "நான் பேச்சியாவே இருந்துட்டுப் போறேன் அக்கா, கால் சரியானாப் போதும்" என்கிறாள்.

ஆகவே நீ இப்போது இந்த ஊருக்கு வரக்கூடாது. உன் பெயரில் ஒருத்தி இடுப்பு ஒடிந்து படுத்திருக்கும்போது நீ ஆரியசாலையில் சுளகோடு நடந்தால் எல்லாம் முடிந்தது. ஊரில் உனக்கு வேலை இல்லை, மருமகன் வீட்டுக் கையை எதிர்பார்க்க உனக்குப் பிடிக்காது, எனக்குத் தெரியாதா? இருந்தும் சொல்கிறேன், அங்கேயே இரு. இன்சூரன்ஸ் என்று யாராவது போன் பண்ணினால் எடுக்காதே. இதையும் அடுப்பில் போட்டுவிடு.

பேத்தியை ஆளாளுக்குத் தூக்க விடாதே. நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்று. எல்லோருக்கும் தீபாவளி நல்லபடியாகப் போகட்டும்.

உன் அக்கா,
கோமதியம்மாள்.

*

ஆரியசாலை,
திருவனந்தபுரம்.
9.11.2025, ஞாயிறு.

அன்புத் தங்கை பேச்சிக்கு.

உன் பதில் கிடைத்தது. நாலே வரி. என் பெயர் என்ன உன் வீட்டுக் கொடியில் காயும் சேலையா, எடுத்து எடுத்துக் கண்டவளுக்கும் உடுத்திவிட என்று கேட்டிருக்கிறாய். சரியான கேள்விதான். நாலு நாளாக அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன். நீ என்னை இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. சின்ன வயசில் உன் பம்பரத்தைப் பிடுங்கினபோதுகூட நீ வாயைத் திறக்கவில்லை.

இப்போது விஷயத்தைச் சொல்கிறேன், நிதானமாகப் படி. ஜெயஷீலா கம்பு ஊன்றி நாலடி நடக்கிறாள். ஒரு கால் குட்டையாகிவிட்டது. இனிமேல் தரையில் உட்கார்ந்து மிளகாய் கிள்ளவோ மச்சில் ஏறவோ முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலை செய்ய முடியாது என்று மெடிக்கல் போர்டு எழுதிக் கொடுத்தால் மாசா மாசம் உதவித்தொகை வரும். உயிர் இருக்கிறவரை வருமாம். வருகிற இருபத்து நாலாம் தேதி திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் போர்டு முன்னால் ஆஜராக வேண்டும் என்று தபால் வந்திருக்கிறது. ஆதார் அட்டையோடு வர வேண்டும், கைரேகை வைக்க வேண்டும். தபால் உன் பெயருக்குத்தான் வந்திருக்கிறது. ஜெயஷீலாவின் கைரேகை எப்படி உன் கைரேகை ஆகும்?

இதற்கு ராஜையன் சார் ஒரு வழி சொல்கிறார். நீ வர வேண்டும். கம்பு ஊன்றி நொண்டிக்கொண்டு போர்டு முன்னால் போய் நிற்க வேண்டும். பைலில் எக்ஸ்ரே இருக்கிறது, ஆபரேஷன் சீட்டு இருக்கிறது, சேலையை விலக்கி யாரும் பார்க்கப்போவதில்லை என்கிறார். மாசா மாசம் உன் கணக்கில் விழுவதை எடுத்து நாம் ஜெயஷீலாவுக்குக் கொடுத்துவிடலாம். அப்புறம் நீ ஆயுசுக்கும் நொண்டியாக இருக்க வேண்டும். இந்த ஊரில் வேலைக்குப் போகக்கூடாது. குழாயடியில் எல்லோரும் சரி என்றார்கள். கோமதி எழுதினால் தங்கச்சி வந்துவிடுவாள் என்றும் சொன்னார்கள். இப்போது நான் உனக்கு அந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றுதான் அங்கே எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழித்தாகிவிட்டது.

ஒன்றை உன்னிடம் மறைத்தேன், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பட்டியலை அண்ணாச்சி எழுதவில்லை. நான்தான் எழுதினேன். அன்று ராஜையன் சார் வெள்ளைத்தாளை நீட்டி, "நீதானே எல்லாருக்கும் சேத்துப் பேசின, எட்டுப் பேரையும் நீயே எழுது" என்றார். முதலில் என் பெயரை எழுதினேன். அடுத்ததாக என் கை உன் பெயரை எழுதிவிட்டது. நீ ஊரில் இருக்கிறாய், உனக்கு நாலு வருஷம்தான், அவளுக்கு ஒன்பது வருஷம், புருஷன் இல்லாதவள், பிள்ளை படிக்கிறது. எல்லாம் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். அவள் பெயர் அந்தத் தாளில் இருந்திருந்தால் அவள் பெயரிலேயே வேலைக்கு வந்திருப்பாள், அவள் பெயரிலேயே விழுந்திருப்பாள். இன்றைக்கு அவள் கையில் அவள் அட்டை இருந்திருக்கும். முதலாளி எழுதினார் என்று உன்னையும் சேர்த்து எல்லோரையும் நம்ப வைத்தேன். சீட்டுக் குலுக்கி எல்லோருக்கும் சோறு போட்ட மகராசி என்று பேரும் வாங்கிக்கொண்டேன்.

போன வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோனேன். ஜெயஷீலா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் சீட்டுக் குலுக்கச் சொல்லலேன்னா எங்க நாலு பேருக்கும் அன்னைக்கே வேல போயிருக்கும் அக்கா, ஒன்ன மறக்க மாட்டேன்" என்றாள். பட்டியலைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். கஞ்சி ஆறிப்போகும், குடி என்றுதான் வந்தது.

வராந்தாவில் வந்து உட்கார்ந்தேன். ஷெர்லின் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இத்தனை நாளில் ஒரு கேள்வி கேட்காத பிள்ளை. "பெரியம்மே, ஒரு காரியம் கேக்கட்டா? எங்க அம்ம இங்க வச்சு மரிச்சுப்போனா, யாருக்க பேருல மரிக்கும்?" என்று கேட்டது. அப்படியெல்லாம் பேசாதே மக்கா என்றேன். "இல்ல, சர்ட்டிபிக்கேட்ல பேச்சியம்மாள்னு எழுதுவாங்க. அப்ப எங்க அம்ம எங்க போச்சுன்னு ஸ்கூல்ல கேட்டா நான் என்னத்தச் சொல்ல?" என்றது. அழவில்லை, கோபப்படவும் இல்லை. பரீட்சைக்குச் சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டது.

எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான் பேச்சி. பொய்யை நடத்திக்கொண்டு போனால் அவளுக்கு மாசா மாசம் நிச்சயம் வரும். உண்மையைச் சொன்னால் வருமா என்று யாருக்கும் தெரியாது. வேலையில் அடிபட்டவள் என்று முதலாளி மேல் கேஸ் போடலாம் என்கிறார்கள், அதற்கு வருஷக்கணக்காகலாம், கிடைக்காமலே போகலாம். கையெழுத்துப் போட்ட என் மேல் கேஸ் வரும். எட்டுப் பேருக்கும் வேலை போய்விடும், அண்ணாச்சி மறுநாளே மிஷினை இறக்கிவிடுவார். இத்தனை பேரும் என் மேல் மண்ணை வாரித் தூற்றுவார்கள். இருக்கிற வேலையை ஆளுக்கொரு துண்டாகப் பிய்த்துக் கொடுத்தவள் நான், அதையும் நானே பிடுங்க வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு யாரிடமும் இதைச் சொல்ல மாட்டேன், உன்னிடம் சொல்கிறேன், ரொம்பப் பயமாக இருக்கிறது.

ஆனால் இதையும் யோசித்துப் பார். நீ இருக்கிறவரைதான் உன் பெயர் இருக்கும். நாளைக்கு உனக்கு ஒன்று ஆகிவிட்டால் அவள் சாப்பாடும் அன்றைக்கே நின்றுவிடும். உன் மருமகன் ஒருநாள் அந்தப் பணம் எங்கே போகிறது என்று கேட்பான். அதுவரை அவள் என் முகத்தையும் உன் முகத்தையும் பார்த்துக்கொண்டு, காது கேட்காதவளாக, பேச்சியாக இருக்க வேண்டும். நீ வீட்டுக்குள்ளேகூடக் கம்பு ஊன்றி நடக்க வேண்டும், பேத்தியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கக்கூடாது. என் தங்கைக்கு நல்லது செய்கிறேன் என்று எழுதின இரண்டாவது பெயர் இரண்டு பேரையும் கட்டிப் போட்டுவிட்டது.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மூன்று தரம் அந்த இன்சூரன்ஸ் ஆபீஸ் ஜன்னல் வரைக்கும் போய்விட்டேன். முதல் தரம் கூட்டம் என்று திரும்பினேன். இரண்டாவது தரம் கூட்டமே இல்லை. மூன்றாவது தரம் உள்ளே இருந்த பெண், "எந்தா சேச்சி, பறயூ", என்ன விஷயம் சொல்லுங்கள் அக்கா என்று சிரித்துக்கொண்டு கேட்டாள். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு வந்தேன்! அண்ணாச்சியின் கடைப்படியில் மூன்று நாள் தொண்டை கிழியக் கத்தின கோமதி. என் நாக்கு இவ்வளவுதான் என்று இப்போது தெரிகிறது.

அதனால்தான் உன்னைக் கூப்பிடுகிறேன். இருபத்து நாலாம் தேதி நீ வர வேண்டும். ராஜையன் சாரிடமும் மற்றவர்களிடமும் நீ வருகிறாய் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். கம்பு கொண்டு வராதே. ஜெயஷீலாவும் அங்கேதான் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். பேச்சியம்மாள் என்று உள்ளேயிருந்து கூப்பிடுவார்கள். உனக்குக் கேட்காது, நான் தோளைத் தொடுகிறேன். நீ எழுந்து, உன் நடையில், விறுவிறு என்று நடந்து போ. நீ நடந்து போய் அவர்கள் முன்னால் நின்றால் போதும். அதற்கப்புறம் அவர்களே கேட்பார்கள். கேட்டால் சொல்லிவிடுவேன், நானாகச் சொல்லத்தான் வாய் வரவில்லை. முந்தின நாள் சாயங்காலம் ஜெயஷீலாவிடம் பட்டியலைச் சொல்லப்போகிறேன். நீ பக்கத்தில் நின்றால் சொல்லிவிடுவேன்.

வந்தால் உனக்கு இந்த ஊரில் வேலை இருக்காது. எனக்கும் இருக்காது. நீ வராமல் இருந்தாலும் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். உன் பெயரை உன்னைக் கேட்காமல் எடுத்தவள் நான், இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறேன்.

முன்னால் எழுதின இரண்டையும் அடுப்பில் போட்டிருப்பாய். இதைப் போடாதே. மடித்து ஆதார் அட்டையோடு வைத்துக் கொண்டு வா. அங்கே என் நாக்கு மறுபடியும் சதி செய்தால் இதை எடுத்து அவர்களிடம் கொடுத்துவிடு.

பேத்திக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை என்று அனுஷா சொன்னாள். நம் அம்மா பெயர், அவள் மாமியார் பெயர் என்று சண்டை போட வேண்டாம். யாருக்கும் இல்லாத ஒரு பெயராகப் பார்த்து அந்தப் பிள்ளைக்கு வையுங்கள்.

இருபத்து மூன்றாம் தேதி மத்தியானம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் காத்து நிற்பேன். படி பார்த்து இறங்கு. உன் இரண்டு காலும் நூறு வருஷத்துக்கு நன்றாக இருக்கட்டும் பேச்சி. நடந்து வா.

இப்படிக்கு,
உன் அக்கா,
கோமதியம்மாள்.